10 நாளா, 21 நாளா?

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள்கூட அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தால், ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு ஒரு போர்டு. முதல் பத்து வளைவு வரைக்கும் காரில் இருக்கும் குழந்தைகள் சத்தமாக எண்ணும். இருபதுக்கு மேல் சத்தம் குறையும். முப்பதில் யாராவது ஒருவர் எலுமிச்சம்பழம் கேட்பார்.

போன பலா சீசனில் நானும் போனேன். மலை மேல் 'நாடு' என்றால் ஊராட்சி. வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். அதில் குண்டனி நாட்டில் என் நண்பர் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். 'ஒரு தடவை வந்து மலைப் பலாவைச் சாப்பிட்டுட்டுப் போ. அப்புறம் ஜென்மத்துக்கும் கீழே வாங்கிச் சாப்பிட மாட்டே' என்று வருஷக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே போன மறுநாள் காலை, வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். இருபது வயசு இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு, மிளகு பறிக்க, காபித் தோட்டத்தில் களை எடுக்க என்று கூலி வேலைக்குப் போகிறான். கையில் ஒரு துண்டுச் சீட்டு. கீழே இருக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் விசாரித்து எழுதி வந்திருக்கிறான்.

"சார், நீங்க பி.காம். படிச்சவராம், வாத்தியாரு சொன்னாரு. ஒரு கணக்குக் கேக்கணும். காரு பழகறதுக்குப் பத்து நாள்னா 5,000 ரூபா, இருபத்தோரு நாள்னா 8,000 ரூபாயாம். பத்து நாள் போதுங்களா சார்?"

அவனுக்குப் பின்னாலேயே அவன் அம்மாவும் வந்து நின்றார். "பத்து நாள்ல வந்துருமா சாமி?" என்று அவரும் கேட்டார்.

பலாச்சுளை தொண்டையில் நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

எனக்கு பி.காம். முதல் வருஷத்தில் பாடம் எடுத்த பேராசிரியர் ஒன்று சொல்வார். 'ரசீதில் இருக்கிறது பாதிச் செலவுதான். மீதிச் செலவுக்கு யாரும் ரசீது தர மாட்டான்.' அந்தப் பையனின் கணக்கு அப்படித்தான் இருந்தது. பயிற்சி தினம் அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணிக்காக அவன் பஸ் பிடித்து 70 வளைவு இறங்கி, வகுப்பு முடிந்து திரும்ப 70 வளைவு ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றான். பஸ்ஸுக்கும் டீக்கும் 150 ரூபாய்.

அவன் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தோம். பத்து நாள் என்றால், கட்டணம் 5,000, கூலி நஷ்டம் 5,000, வழிச்செலவு 1,500. மொத்தம் 11,500. இருபத்தோரு நாள் என்றால், கட்டணம் 8,000, கூலி நஷ்டம் 10,500, வழிச்செலவு 3,150. மொத்தம் 21,650.

துண்டுச் சீட்டின்படி வித்தியாசம் 3,000 ரூபாய். நிஜத்தில் 10,150 ரூபாய். பையன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா, "அப்போ பத்து நாளுதான்" என்று முடிவே செய்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. கார் மாதிரி சொந்த உபயோக வண்டிகளுக்கு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து நிஜமாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. லாரி, பஸ், டாக்ஸி மாதிரி வண்டிகளுக்கு 30 நாள், 15 மணி. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று படிவம் 15-ல் ஒரு ரிஜிஸ்டர் எழுத வேண்டும். முடித்ததும் படிவம் 5-ல் சர்ட்டிஃபிகேட் தர வேண்டும்.

அப்படியானால் 'பத்து நாள் பேக்கேஜ்' என்று ஒன்று எப்படி இருக்கிறது? உங்களுக்குத் தெரியாததா? எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால், அதை வாங்கியவன் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 43 வயசில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டுத் தெருமுனையிலேயே டிரைவிங் ஸ்கூல். அங்கேயும் ஏறக்குறைய இதே ரேட். 8,000 ரூபாயை நான் தாராளமாகக் கட்டியிருக்கலாம். ஆனால் பேரம் பேசி வாங்குவதில் நமக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே! 'எனக்கு ஸ்கூட்டர் 20 வருஷமா ஓடுது, ரோடு சென்ஸ் எல்லாம் இருக்கு, பத்து நாள் போதும்' என்று நானே சொன்னேன். 3,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

காரில் மூன்று மாணவர்கள். ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பங்கு போட்டால் தலைக்கு 20 நிமிஷம். பத்து நாளைக்கு 200 நிமிஷம். அதாவது மூன்று மணி 20 நிமிஷம். ஆனால் ரிஜிஸ்டரில் 21 நாள், 10 மணி நேரம் என்று எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டிங் பேப்பரில் 72 மார்க் வாங்கிய கை அது.

டெஸ்ட்டுக்குப் போனேன். சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன். ரிவர்ஸ் எடுத்தேன். இறங்கச் சொன்னார்கள். லைசென்ஸ் வந்துவிட்டது.

இனிமேல்தான் தொண்டையில் சுளை நின்ற கதை.

குண்டனி நாட்டுக்குப் போன அந்த முதல் நாள், காரை ஓட்டியது நான். பக்கத்தில் மனைவி. பின்னால் மகள். நாற்பது வளைவு வரைக்கும் எல்லாம் சுகம். 'பார்த்தியா, எப்படி ஓட்டறேன்' என்று வாய் வரை வந்துவிட்டது. அடுத்த ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். ஆனால் பஸ் ஏற்கனவே வளைவுக்குள் வந்துவிட்டது. நான்தான் நிறுத்தினேன். பஸ் போய்விட்டது.

இப்போது நான் கிளம்ப வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள், கார் பின்னால் உருண்டது. பதறி பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி உருண்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு அடி, மூன்று அடி என்று பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல். ஓட்டுகிற மனிதருக்கு முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது. பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு மூட்டை.

அந்த மனிதர் ஹாரன் அடிக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் இறக்கி ஓரமாக நிற்க வைத்தார். வண்டியை ஸ்டாண்ட் போட்டார். பாறை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து என் பின் டயருக்கு அண்டை கொடுத்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் வந்தார்.

"இப்ப எடுங்க சார், கல்லு தாங்கும். ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்கிட்டு, வண்டி இழுக்கறப்ப மெதுவா விடுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

வண்டி ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் அந்தக் கல்லை எடுத்து, அடுத்த வண்டிக்காரன் காலில் மாட்டாதபடி, பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்ப வேண்டுமே! பத்து வளைவு தாண்டிய பிறகு மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கல்லு வெச்சவருக்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் புரியாமல் இருந்தது. பயிற்சியின் ஏழாவது நாள், ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு அங்குலம்கூட உருளாமல் கிளம்பியிருக்கிறேன். மாஸ்டர் 'சூப்பர் சார்!' என்று பாராட்டினார். அப்படியென்றால் இங்கே என்ன ஆச்சு?

விடியற்காலையில்தான் பொறி தட்டியது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு மேம்பாலத்தில் வண்டியைத் தாங்கியது என் கால் இல்லை. அவர் கால்! பத்து நாளும் நான் ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் இன்னொருத்தர் கால்தான் ஓட்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டிரைவிங் டெஸ்ட்டில் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று அதே 1989 விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் தோற்றது அந்தக் கேள்வியில். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவேயில்லை. மலைப் பாதையில்தான் கேட்டார்கள். கேட்டபோது பின்னால் ஒரு குழந்தை நின்றது.

இந்த லட்சணத்தில், மறுநாள் காலை ஒரு பையன் வந்து 'பத்து நாள் போதுங்களா சார்?' என்று கேட்டால் சுளை இறங்குமா?

இங்கேதான் நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு சட்டையை மலிவாக வாங்கினால், அது சாயம் போனால், நஷ்டம் எனக்கு. டியூஷன் ஃபீஸில் மிச்சம் பிடித்தால், ஃபெயிலாவது என் பிள்ளை. வாங்குகிறவன் பேரம் பேசலாம், ஏனென்றால் குறை வந்தால் அவன் தலையில்தான் விடியும். வியாபாரத்தின் அடிப்படை நியாயமே இதுதான்.

டிரைவிங் பயிற்சி இந்தக் கணக்கில் அடங்காத சரக்கு. மிச்சம் பிடித்த 3,000 ரூபாய் என் பாக்கெட்டுக்கு வந்தது. குறை போனது டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் இருந்த குழந்தைக்கு. அந்தக் குழந்தையின் அப்பாவிடம், 'உங்கள் பாதுகாப்பில் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டுமா?' என்று நான் கேட்டேனா? அவர் கையெழுத்துப் போட்டாரா? நானும் டிரைவிங் ஸ்கூலும் பேசி முடித்த பேரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு. எல்லாமே கற்காமல் ஓட்டியவர்களால் வந்தது என்று சொல்ல மாட்டேன். குடி, வேகம், தூக்கம், சாலைப் பள்ளம் என்று நூறு காரணம். ஆனால் இந்த நூறில் நாமே காசு கொடுத்து, தெரிந்தே குறைத்து வாங்குகிற காரணம் பயிற்சிதான்.

'சரிய்யா, அப்படின்னா அந்தப் பையனை 21 நாள் போகச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை.

மறுபடி அந்தத் துண்டுச் சீட்டைப் பாருங்கள். 10 மணி நேரம் ஓட்டிப் பழக அவனுக்கு ஆகும் செலவு 21,650 ரூபாய். மணிக்கு 2,165. தெருமுனையில் ஸ்கூல் இருக்கிற எனக்கு அதே பத்து மணி 8,000 ரூபாய். மணிக்கு 800. என்னைவிட ஏழையான ஒருவன், அதே படிப்புக்கு என்னைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். 800 ரூபாய்க்கே பேரம் பேசியவன், 2,165 ரூபாய் கொடுப்பவனைப் பார்த்து 'தம்பி, பாதுகாப்பு முக்கியம்' என்று உபதேசம் செய்வதா? வாய் கூசாதா?

அதோடு, அவன் சமதரையில் கற்றுக்கொண்டு வந்து ஓட்டப் போவது மலையில். 'குட்டி யானை' ஒன்று வாங்கி, பலாவும் மிளகும் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது அவன் கனவு. அதற்குத் தனி லைசென்ஸ்கூட வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017-ல் சொன்ன தீர்ப்பை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. பிழைப்பைத் தேடுகிறவனுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் நான் 200 நிமிஷத்தில் வாங்கிய அதே அட்டையோடு அவன் சுமை வண்டியை 70 வளைவில் இறக்கப் போகிறான்.

சரி, எவ்வளவு கற்றால் போதும்? இந்தக் கேள்விக்கு உலகமே வேறு வேறு பதில் சொல்கிறது. பிரிட்டனில் தேர்வு நடத்தும் அரசு அமைப்பு, சராசரியாக ஒருவருக்கு 45 மணி நேர வகுப்பும், அதற்கு மேல் 22 மணி நேரம் சொந்தப் பழக்கமும் தேவைப்படுகிறது என்கிறது. ஜெர்மனியில் வழக்கமான வகுப்புகளுக்கு மேல் 12 சிறப்பு வகுப்புகள் கட்டாயம். ஐந்து ஊருக்கு வெளியே, நான்கு அதிவேகச் சாலையில், மூன்று இருட்டில். நம் நாட்டிலும் 2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்குப் புது விதி வந்தது. கார் பயிற்சிக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம். 21 மணி ஓட்ட, 8 மணி பாடம். அங்கே பாஸ் செய்தவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட் கிடையாது.

பத்து மணி, இருபத்தொன்று, நாற்பத்தைந்து... எது சரி? நாமக்கல் ஜில்லாவில் இதற்கு இன்னொரு பதிலும் உண்டு. லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. பழைய லாரி டிரைவர்கள் பலர் ஸ்கூலில் கற்கவில்லை. கிளீனராக ஏறியவர்கள். முதல் வருஷம் தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, டீ வாங்கி வருவது. அப்புறம் எப்போதோ ஒரு நாள், ஆள் இல்லாத ரோட்டில், டிரைவர் அண்ணன் 'வாடா, புடி' என்பார். கட்டணம் ஒரு பைசா இல்லை. ஆனால் வாலிபத்தில் பாதியைக் கட்டணமாகக் கட்டியிருப்பார்கள்.

அந்த முறையைக் கோயில் கட்டிக் கும்பிட நான் தயாராக இல்லை. அதில் அடியும் உதையும் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது இருந்தது. குருநாதரின் கெட்ட பழக்கமும் சிஷ்யனுக்குச் சேர்ந்தே வந்தது. வருஷக்கணக்கில் கூட இருந்தால் மட்டும் தொழில் வந்துவிடாது. ஆனாலும் அதில் ஒரு நல்லது இருந்தது. எத்தனை நாள் ஆச்சு என்று யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. 'இவன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் கண்ணை மூடித் தூங்கலாமா?' என்பதுதான் டெஸ்ட். தூங்கலாம் என்று தோன்றும் அன்றைக்குத்தான் அவன் டிரைவர்.

யோசித்துப் பார்த்தால் 10 நாளா, 21 நாளா என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். 21 நாளும் மாஸ்டர் காலிலேயே ஓட்டிவிட்டு வரலாம். எவ்வளவு கற்றாலும் நூற்றுக்கு நூறு பத்திரம் என்று ஒன்று கிடையாது. அதற்காகக் காத்திருந்தால் ஒருத்தரும் வண்டி எடுக்க முடியாது. நாளை எண்ணுவதற்குப் பதிலாக, இன்னொருத்தர் கால் இல்லாமல் என்னால் எதைச் செய்ய முடிகிறது என்று எண்ண வேண்டும். அந்தப் பட்டியல் சின்னதாக இருக்கலாம். அதில் தப்பே இல்லை. காலியான ரோட்டில் பகலில் ஓட்டத் தெரியுமா? அங்கே ஓட்டு. மலை தெரியாதா? மலைக்கு ஓட்டத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வை.

நான் செய்த தப்பு, குறைவாகக் கற்றது மட்டும் இல்லை. குறைவாகக் கற்றதை நிறையக் கற்றதாகக் கையெழுத்துப் போட்டேன் பாருங்கள், அது. முதலில் ரிஜிஸ்டரை ஏமாற்றினேன். கொஞ்ச நாளில் அந்த ரிஜிஸ்டர் என்னையே ஏமாற்றிவிட்டது. லைசென்ஸ் பர்ஸில் இருக்க இருக்க, எனக்கு ஓட்டத் தெரியும் என்று நானே நம்பிவிட்டேன். பொய்க் கணக்கு எழுதும் கம்பெனிகள் கடைசியில் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். ஊரை ஏமாற்ற எழுதிய லாபத்தைத் தாங்களே நம்பிச் செலவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

காசு குறைவாக இருப்பது பாவம் இல்லை. பேரம் பேசுவதும் பாவம் இல்லை. கட்டணத்தில் பேரம் பேசலாம். கற்றது எவ்வளவு என்பதில் பேரம் பேசக் கூடாது. பேசினால் அந்த மூன்றாவது ஆளின் உயிரை வைத்துப் பேசுகிறோம் என்று அர்த்தம்.

இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பையன் ஒழுங்காகக் கற்றால் லாபம் அவனுக்கு மட்டுமா? அவன் எதிரில் வருகிற, பின்னால் வருகிற எல்லோருக்கும்தான். பலன் ஊருக்கு என்றால் செலவும் ஊருடையதாக இருக்க வேண்டாமா? மாஸ்டர் ஒருவர் வாரத்தில் சில நாள் மலைக்கு மேலே வந்து, செம்மேட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால், அவனுக்குக் கூலியும் போகாது, ஓட்டப் போகிற ரோட்டிலேயே பழகவும் செய்யலாம். 21 நாள் கட்டாயம் என்று எழுதியவர்கள், அந்த 21 நாளை மலையில் இருப்பவன் எங்கிருந்து எடுப்பான் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அரசாங்கம் மலையேறும் வரை அந்தப் பையன் திண்ணையில் நின்றுகொண்டிருக்க முடியாதே. பதில் சொல்லியாக வேண்டும்.

முந்தின நாள் நடந்ததை அவனிடம் சொன்னேன். வாத்தியாரிடம்கூடச் சொல்லாத கதை. பத்து நாள் பேக்கேஜ், 200 நிமிஷம், ரிஜிஸ்டர், கல், குழந்தை, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அவன் சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் அம்மாதான் கேட்டார், "கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

"ஒண்ணும் ஆகலைங்கம்மா."

"சாமி காப்பாத்துச்சு" என்றார். சாமி என்ன, கல் வைத்த மனிதர்தான் காப்பாற்றினார்.

அப்புறம் மூவரும் உட்கார்ந்து வேறு மாதிரி கணக்குப் போட்டோம். எல்.எல்.ஆர். வாங்கினால் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்துதான் டெஸ்ட்டுக்கே போக முடியும். எனவே அவசரம் இல்லை. கூலி வேலை குறைவாக இருக்கும் மாதமாகப் பார்த்து 21 நாள் போவது. தினம் எத்தனை நிமிஷம் ஓட்டினோம் என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதுவது. 10 மணி சேராமல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதில்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது, 'மாஸ்டர், உங்க காலை எடுத்துருங்க' என்று வாய்விட்டுச் சொல்வது. லைசென்ஸ் வந்த பிறகும் உடனே சுமை ஏற்றாமல், ஊரில் குட்டி யானை ஓட்டும் அண்ணன் ஒருவரோடு கொஞ்ச நாள் கூடவே போய், எந்த வளைவில் எந்த கியர், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரில் வண்டியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொள்வது.

"மொத்தம் எவ்வளவு சார் வருது?" என்றான்.

"21,650. அதுல மாத்தமில்ல தம்பி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வண்டி வாங்கறது நாலு மாசம் தள்ளிப் போவும். போவட்டும்" என்றான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது ஒரு நாள் ஹோட்டல் சாப்பாடாகத்தான் இருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு ஒரு சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்லும் வள்ளல். திரும்பும்போது அங்கே காரை நிறுத்திப் பார்த்தேன். அந்த ஓர் அம்புக்கு முன்னால் ஓரி எத்தனை ஆயிரம் அம்புகளை மரத்தில் விட்டுப் பழகியிருப்பான்? அதைப் பற்றி யாரும் பாடவில்லை. இன்னொன்றும் தோன்றியது. அந்த ஆயிரம் அம்புகளை அவன் ஆள் நடமாடும் வழியில் விட்டிருக்க மாட்டான்.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். வாத்தியாரிடம் சொல்லி, மலைப் பாதை தெரிந்த டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்து, அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்கினேன். 70, 69, 68 என்று மகள் தலைகீழாக எண்ணினாள். அந்தக் குறிப்பிட்ட வளைவு வந்தபோது ஓரமாகப் பார்த்தேன். கல் அங்கேயேதான் இருந்தது.

ஊருக்கு வந்த மறுநாள், தெருமுனை டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். "என்ன சார், வீட்ல மேடத்துக்கா?" என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றேன். மறுபடி பணம் கட்டினேன். பேரம் பேசவில்லை. முதல் நாள் வகுப்பில் மேம்பாலத்தின் நட்டநடு ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மாஸ்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், உங்க காலைக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுக்கறீங்களா?"

உங்கள் பர்ஸிலும் லைசென்ஸ் இருக்கும். அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் போட்டோதான். ஆனால், கால் யாருடையது?